கேஸ் அம்மாவின் வால்வு

செண்பகவல்லியின் நெஞ்சுக்குள் இருந்த பழுதான வால்வுக்கு முப்பத்தோரு வருடப் பரீட்சை அனுபவம் உண்டு. அதன்மேல் ஸ்டெதாஸ்கோப் குழாய் வைத்துப் பாஸானவர்களில் இரண்டு பேர் மருத்துவக் கல்லூரி முதல்வர்களாகிவிட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், கோவில்பட்டியில் அவள் வீட்டு வாசலில் கல்லூரியின் கார் வந்து நிற்கும். ஓட்டுநர் இல்லாத கார்தான். ஆனாலும் "செண்பகவல்லி அம்மா, கிளம்பலாமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி மரியாதையாகக் கூப்பிடும். அவள் வேண்டுமென்றே இரண்டு நிமிடம் கழித்துத்தான் வெளியே வருவாள்.

இந்த வருடமும் கார் வந்தது. அவளும் மாம்பழ நிறப் பட்டுக் கட்டி, சோற்று டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அடைத்த பையோடு ஏறிக்கொண்டாள். ஒரே ஒரு சிக்கல்தான். அந்த வால்வில் இப்போது பழுது இல்லை.

ஆவணியில் கோயம்புத்தூரில் மகள் சுபத்ரா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்த வேலை அது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள், பாதிப் படியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, தேடிக்கொண்டு வந்த சுபத்ரா பக்கத்தில் அமர்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கையால்தான் தடவினாள், ஆனால் முகத்தில் ஒரு கணக்கு ஓடுவது செண்பகவல்லிக்குத் தெரிந்தது. அம்மா இன்னும் எத்தனை வருடம் என்கிற கணக்கு.

"கையில ஒரே ஒரு ஊசிம்மா," என்றாள் சுபத்ரா, பன்னிரண்டாவது வருடமாக. "உள்ள போறது கண்ணுக்குத் தெரியாத நெசவாளிங்க. இறுகிப்போன கதவ நாப்பது நாள்ல புதுசா நெய்து வச்சிட்டு, அதுங்களே கரைஞ்சு போயிரும். தழும்புகூட இருக்காது. ஊர்ல உள்ளவங்க அத்தன பேரும் போட்டாச்சு. நீ ஒருத்திதான் மிச்சம்."

மிச்சம் என்பதுதான் விஷயமே. நெசவு ஊசி வந்த பிறகு தெற்கு மாவட்டங்களில் பழுதான இதய வால்வு என்று ஒன்று இயற்கையாக மிஞ்சியிருந்தது செண்பகவல்லியிடம் மட்டும்தான். கேட்டவர்களிடமெல்லாம் ஊசி என்றால் பயம் என்று சொல்லி வைத்திருந்தாள். பதினோரு வயதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியை இடுப்பில் வாங்கியவள் சொல்லுகிற பேச்சா அது? ஆனால் யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அன்றைக்குப் படியில் உட்கார்ந்தபடியே சரி என்றாள். நாற்பது நாள் கழித்து அதே மாடிக்கு ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். மேலே போய் நின்று, வராத மூச்சிரைப்புக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

கல்லூரிக்குச் சொல்லியிருக்க வேண்டும். "எனக்குச் சரியாகிவிட்டது, இனி வண்டி அனுப்ப வேண்டாம்." இவ்வளவுதான் வாக்கியம். ஐந்து மாதமாக அதை மனதுக்குள் எழுதி எழுதி அழித்தாள்.

வண்டிக்காகவோ, புது விரிப்புக்காகவோ, மதியம் வருகிற நெய்மீன் குழம்புக்காகவோ அல்ல. அதெல்லாம் பிடிக்கும்தான். ஆனால் அவளுக்குள் ஊறியிருந்தது வேறு. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, டாக்டருக்குப் படிக்கிற ஒரு பிள்ளை உட்காரும். "உங்களுக்கு என்ன செய்யுதும்மா?" என்று தொடங்கும். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன்னால் எப்படி, சின்ன வயதில் என்ன வந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதும். அவள் நிறுத்தினால் "அப்புறம்?" என்று நிமிர்ந்து பார்க்கும். உலகத்தில் செண்பகவல்லிக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். அவள் கணவர் நல்ல மனிதர், இருபத்தெட்டு வருடம் கூடவே இருந்தார். ஒருநாளும் அப்புறம் என்று கேட்டதில்லை. மகள் கேட்பாள், போனில் இன்னொரு கண் வைத்துக்கொண்டு. நோய் போனால் இந்த ஒரு சொல்லும் போய்விடும் என்பது அவளுக்கு ஊசிக்கு முன்பே தெரிந்திருந்தது.

கல்லூரியில் மின்தூக்கி முன்னால் கூட்டம். பையோடு படியேறினாள். மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு வாங்கவில்லை என்பதே உறைத்தது. எதிரே நர்ஸ் கனகமணி வருவதைப் பார்த்ததும் சட்டென்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை இரைத்து வைத்தாள்.

"பாத்து வாங்க கேஸ் அம்மா. லிஃப்ட்ல வந்திருக்கலாம்லா," என்று பையை வாங்கிக்கொண்டாள் கனகமணி. பரீட்சைக்குப் படுக்கிற நோயாளியைக் கல்லூரியில் 'கேஸ்' என்பார்கள்; அதனால் செண்பகவல்லி அங்கே எல்லோருக்கும் கேஸ் அம்மா. பரீட்சைக்கூட வாசலில் நிற்கும் ஸ்கேன் சட்டம் அணைந்து கிடந்தது. மற்ற நாட்களில் ஆள் அதன் வழியாக நடந்தால் போதும், இதயத்தின் ஒவ்வொரு கதவும் திரையில் விரிந்துவிடும். "ரெண்டு நாளைக்கு இத அணைச்சுப் போட்டுட்டு, தொல்பொருள் மாதிரி ஒரு குழாய காதுல மாட்டிக் கேக்கணுமாம். சும்மா ஒரு சடங்கு."

"சடங்கு இல்லம்மா," என்றாள் செண்பகவல்லி. "பதினோரு நாள நீ பாக்கல. அப்போ நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப."

ஒன்பது வருடத்துக்கு முன் சூரியனில் எழுந்த புயலில் பூமியிலிருந்த கருவிகள் எல்லாம் கண்மூடிக் கிடந்த நாட்கள் அவை. அதன் பிறகுதான் இந்தப் பழைய பரீட்சையை அரசு கட்டாயமாக்கியது. எந்த டாக்டரும் உரிமம் வாங்குவதற்கு முன், கருவி எதுவும் இல்லாமல், உயிருள்ள ஓர் ஆளிடம் கதை கேட்டு, கைவைத்துப் பார்த்து, காதால் கேட்டு நோயைச் சொல்ல வேண்டும். மூன்று தடவை தவறினால் உரிமம் கிடையாது.

அந்தப் பதினோரு நாட்களில் ஐந்தாம் நாள்தான் அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், பிறகு எழவே இல்லை. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை.

பரீட்சையாளர் டாக்டர் வேதநாயகம் எட்டு மணிக்கே வந்துவிட்டார். உயரமானவர், தலை முழுக்க நரை. பன்னிரண்டு வருடமாக இந்த மேசைக்கு அவர்தான். அவரைச் செண்பகவல்லிக்குப் பிடிக்கும். கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், ஆனால் எதிராளி பேசும்போது கண்ணை எடுக்காமல் முகத்தையே பார்ப்பார். ஓர் ஆளை இப்படிக் கவனிக்கிற இன்னொருவரை அவள் பார்த்ததில்லை.

பிள்ளைகள் வருவதற்குள் கேஸை அவர் சோதித்து, சரியான விடையைத் தாளில் எழுதி உறையில் போட வேண்டும். இதோ மாட்டிக்கொண்டோம் என்று செண்பகவல்லி படுத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டதும் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தாள். வேதநாயகம் குழாயை நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார்.

"அதே உருட்டல்," என்றார். "அருமை."

எழுதி, உறையை ஒட்டிவிட்டுப் போனார். செண்பகவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ ஏமாற்றமும் வந்தது.

உருட்டல் என்பது இறுகிப்போன மைட்ரல் கதவின் இடுக்கு வழியாக ரத்தம் வருகிற சத்தம். மேல்வீட்டில் யாரோ காலி சிலிண்டரை உருட்டுகிற மாதிரி இருக்கும் என்று ஒரு மாணவன் பல வருடத்துக்கு முன் சொல்லியிருந்தான். அன்று காலையும் மதியமும் ஏழு பிள்ளைகள் வந்தார்கள். ஏழு பேருக்கும் அந்தச் சிலிண்டர் உருண்டது. ஒருவன் குழாயைச் சரியான இடத்துக்கு மூன்று விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டே கேட்டான். ஒருத்தி, கைகள் ஐஸாக இருக்க, "எவ்வளவு தெளிவா இருக்கும்மா" என்று வியந்தாள். இன்னொருவன் நெஞ்சில் குழாய் படுவதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டான். வியர்த்து நின்ற இரண்டு பேருக்கு, முப்பது வருடப் பழக்கத்தில், "மைட்ரல்ப்பா, இறுகிப்போச்சு" என்று அவளே முணுமுணுத்தும் விட்டாள். ஏழாவது ஆள் போனபோது, கோயம்புத்தூரில் போட்டது நிஜமான ஊசிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எட்டாவதாக வந்த பெண்ணின் பெயர் ஹலீமா. காயல்பட்டினம். தலையில் சுற்றிய முக்காட்டின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்ததும், கேட்காமலே, "எனக்கு இது மூணாவது தடவைம்மா," என்றாள். பிறகு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல நோட்டைத் திறந்தாள்.

செண்பகவல்லி சொன்னாள். பதினோரு வயதில் தொண்டை வலி, காய்ச்சல். முட்டி வீக்கம், அது வடிந்தால் கணுக்கால், அது வடிந்தால் மணிக்கட்டு. ஏழாம் மாசக் கர்ப்பத்தில் படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு தலையணை வைத்தும் தூக்கமில்லாமல் உட்கார்ந்தே இருந்தது. வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். ஹலீமாவும் எல்லோரையும்போல "அப்புறம்?" என்றாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

"சரிம்மா. இதெல்லாம் அப்போ," என்றாள் ஹலீமா. "இப்போ எப்படி இருக்கீங்க? இன்னைக்குக் காலைல?"

முப்பத்தோரு வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோரும் பின்னால் பின்னால்தான் போவார்கள். செண்பகவல்லி விழித்தாள்.

"அப்படியேதான் இருக்கு தாயி."

"மாடிக்கு எப்படி வந்தீங்க?"

"படியிலதான்." வாய் முந்திக்கொண்டது. "நின்னு நின்னு."

ஹலீமாவின் கண் கட்டில் காலில் சாய்ந்திருந்த பையின்மேல் ஒரு நொடி நின்றது. என்னவோ எழுதினாள். பிறகு எழுந்து அனுமதி கேட்டு, மறைப்பை இழுத்துவிட்டு, குழாயின் முனையை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினாள். கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நாடியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் கையைப் பதித்துக் காத்திருந்தாள். இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னாள். கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மூச்ச வெளிய விடச் சொல்லிக் கேளு," என்று செண்பகவல்லி மெதுவாகச் சொன்னாள். "கேக்கும்."

"சொன்னேம்மா. விட்டீங்க." ஹலீமா குழாயை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். மறுபடி செண்பகவல்லியின் நெஞ்சில். மறுபடி தன்னுடையதில். "என்னோடது மாதிரியே இருக்கு உங்களோடதும்."

ஐந்து மாதமாகச் செண்பகவல்லியின் நெஞ்சுக்குள் ஒரு புதுக்கதவு சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதை முதன்முதலாக ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை.

"ஹாஸ்டல் சுவத்துலகூட எழுதிப் போட்டிருக்கு," என்றாள் ஹலீமா, யாரிடமோ சொல்வதுபோல. "கேஸ் அம்மா, மைட்ரல், கண்ண மூடிட்டு எழுதுன்னு. எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது." நோட்டை எடுத்துக்கொண்டு மறைப்புக்கு வெளியே, மேசைக்குப் போனாள்.

மறைப்பு என்பது துணிதானே. அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் கேட்டது. ஹலீமா நோயின் கதையை முழுக்க ஒழுங்காகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, இதயம் இப்போது இயல்பாக இருப்பதாகத் தோன்றுகிறது என்றாள்.

"தோணுதா, கேட்டியா?" வேதநாயகத்தின் குரல் கூடத்தில் மோதியது.

"கேட்டேன் சார். ரெண்டு சத்தம். நடுவுல ஒண்ணும் இல்ல."

"காலைலேருந்து ஏழு பேருக்குக் கேட்டிருக்கு. உனக்கு மட்டும் இல்லையா?" நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "உனக்கு இது கடைசித் தடவ. நான் இப்படிச் செய்யக் கூடாது. அஞ்சு நிமிஷம் தாரேன். போய் இன்னொரு தடவ கேட்டுட்டு வா."

ஹலீமா திரும்பி வந்தாள். ஆனால் குழாயைக் காதில் மாட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துச் சுருட்டினாள், பிரித்தாள்.

"உருட்டல் இருக்குன்னு சொல்லிரவாம்மா?" என்றாள். "ஏழு பேரு சொல்லியிருக்காங்க. தப்பு எனக்குத்தானே இருக்கும்?"

செண்பகவல்லி உத்தரத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெண் பாஸாகிவிடும். அடுத்த மாசி மாதம் கார் வரும்.

பதினோரு நாட்களில் ஐந்தாம் நாள், ஆஸ்பத்திரியில் அவள் கணவர் கட்டிலில் கிடக்க, ஓர் இளம் டாக்டர் கையில் கருவியை வைத்துக்கொண்டு, அது எப்போது விழிக்கும் என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். குழாய் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் கத்திய பிறகு எடுத்து நெஞ்சில் வைத்தான். வைத்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கேஸ் அம்மா!" என்றான். அவளுக்கும் அடையாளம் தெரிந்தது. அதற்கு மூன்று வருடம் முன், பரீட்சையில், இப்படித்தான் வியர்த்து நின்றான். மைட்ரல்ப்பா என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், இந்த முறையும் அவள் ஏதாவது சொல்லுவாள் என்பதுபோல.

இதை அவள் சுபத்ராவிடம்கூடச் சொன்னதில்லை. எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டு எழுதியதில்லை. அதற்கு அடுத்த வருடம் பரீட்சையில் அவள் வாயே திறக்கவில்லை. மூன்று பேர் தவறினார்கள், ஒருத்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கடுத்த வருடம் மறுபடி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

செண்பகவல்லி எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். கேஸ் என்பது கட்டிலை விட்டு இறங்கி மேசைக்கு வரக் கூடாது. வந்தாள்.

"சார், அந்தப் பிள்ள சொல்லுததுதான் சரி. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆவணியில நெசவு ஊசி போட்டுட்டேன்."

வேதநாயகம் அவள் வாயையே பார்த்தார். புரியாதவர்போல இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் காலையில் ஒட்டிய உறையைக் கையில் எடுத்தார், வைத்தார். பிறகு கனகமணியைக் கூப்பிட்டு வாசல் சட்டத்தைப் போடச் சொன்னார். செண்பகவல்லி அதன் வழியாக நடந்தாள். திரையில் அவள் இதயம் பூப்போல விரிந்தது. நான்கு கதவுகளும் இடுக்கில்லாமல் திறந்து மூடின. கீழே குறை ஏதுமில்லை என்று பச்சையில் எழுதியிருந்தது. கனகமணி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஹலீமாவின் தாளில் அவர் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பெண் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் செண்பகவல்லியின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். மற்ற ஏழு பேரும் நாளை வேறு நோயுள்ள ஓர் ஆளிடம் மறுபடி எழுத வேண்டும் என்று அறிவிப்புப் போனது. வெளியே தாழ்வாரத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

சோற்று டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது மறைப்புத் துணி விலகியது. வேதநாயகம் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அந்த உயரத்துக்கு அந்த முக்காலி ரொம்பச் சின்னது.

"காலையிலயே ஏம்மா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் சார் படுத்திருந்தேன். நீங்க கேட்டுட்டு அருமைன்னுட்டீங்க. எனக்கே சந்தேகம் வந்துட்டு."

அவர் சிரித்தார். பிறகு, அவள் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில், "இன்னைக்கு எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல," என்றார்.

"கதவுதான் சரியாயிட்டே சார்."

"போன வருஷமும் கேக்கல."

செண்பகவல்லியின் கை பைக்குள்ளேயே நின்றது. போன வருடம் கதவு சரியாகவில்லை. போன வருடம் சிலிண்டர் உருண்டுகொண்டுதான் இருந்தது.

"அதுக்கு முந்தின வருஷம் கொஞ்சமா," என்றார் அவர். "இருக்குன்னு தெரியும்லா, அதனால எழுதினேன். அந்தப் பிள்ள நார்மல்னு சொன்னப்ப, பொய் சொல்லுதாளா நிஜமான்னு எனக்குக் கண்டுபிடிக்க வழியில்ல. அஞ்சு நிமிஷம் குடுத்தது அவளுக்காகன்னா நெனச்சீங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கண்ணெடுக்காமல் கவனித்த மனிதர். அது கவனிப்பு இல்லை, உதட்டைப் படிப்பது. ஒரு கணம் சுள்ளென்று இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று ஒரு கோபம் எழுந்து வந்தது. வந்தது பாதியிலேயே தயங்கி நின்றது. அவள் படியில் நின்று இரைத்துக் காட்டியது இன்றைக்குக் காலையில்தானே. அவரும் அப்படி ஏதோ ஒரு படியில் நின்று நடித்துக்கொண்டுதான் இருக்கிறார். காதுக்கும் நெசவு ஊசி இருக்கிறது என்று சுபத்ரா சொல்லியிருந்தாள். அதைப் போட்டுக்கொள்ள முதலில் ஓர் ஆளிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். அவளுக்குத் தெரியாததா?

செண்பகவல்லி கட்டிலை விட்டு இறங்கினாள். விரிப்பைக் கையால் நீவிவிட்டாள்.

"எந்திரிங்க சார். இங்க உக்காருங்க."

அவர் தயங்கினார். பிறகு பரீட்சைக்கு வந்த பிள்ளைபோலச் சொன்னபடி கேட்டார். அவள் மறைப்பை இழுத்து மூடினாள். முக்காலியைச் சன்னல் பக்கமாக நகர்த்தி, தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கேள்விகள், வரிசைகூடத் தப்பாது.

"சொல்லுங்க சார். எப்போ ஆரம்பிச்சது? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

வேதநாயகம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில், கூரையில் விழுகிற மழை தனக்கு மட்டும் நின்றுபோனதாகத் தோன்றியது என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

செண்பகவல்லி அவர் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.